டெல்பி பேருந்துகள் நிற்காத ஊர்: காதலர் படை மாண்ட கெரோனியா

ஏதென்ஸிலிருந்து டெல்பிக்குப் போகும் சுற்றுலாப் பேருந்துகள் லிவாடியா ஊரைத் தொட்டுக்கொண்டுதான் மலையேறுகின்றன. அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டரில், கெரோனியாவில், சாலையோரத்திலேயே, பழைய கிரேக்க நகரமான தீப்ஸின் ‘புனிதப் படை’யின் கல்லறைச் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. 150 காதல் ஜோடிகள், 300 ஆண்கள், ஒரே படைப்பிரிவு. காபிக்கு அரை மணி ஒதுக்குகிற வழிகாட்டிகளுக்கு இதற்குப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை. எரிச்சலாக இருக்கிறது. ஆகவே சொந்தமாகப் போவதுதான் வழி, செலவும் குறைவு.

ஏதென்ஸில் லியோசியோன் பேருந்து நிலையம். தீப்ஸுக்கும் லிவாடியாவுக்கும் தனித்தனி கவுன்டர். பலகையில் தீப்ஸ் என்று தேடினால் கிடைக்காது, ‘தீவா’ என்றுதான் இருக்கும். முதல் நாள் காலை தீப்ஸ், இரவு லிவாடியா, மறுநாள் காலை கெரோனியா. இந்த வரிசையை மாற்றாதீர்கள். தீப்ஸைப் பார்க்காமல் சிங்கத்தின் முன் நின்றால் அது வெறும் கல் சிங்கம்தான்.

தீப்ஸ் பார்வைக்கு ஏமாற்றும் ஊர். கி.மு. 335-இல் அலெக்சாந்தர் நகரைத் தரைமட்டமாக்கினார். கவிஞர் பிண்டாரின் வீட்டை மட்டும் விட்டுவைத்தார் என்பார்கள். மிச்சத்தின் மேல்தான் இன்றைய ஊர். காத்மியா கோட்டை இருந்த மேட்டில் இப்போது கடைத்தெரு. ஆனால் கதை தொடங்குவது அந்த மேட்டில்தான். கி.மு. 379 குளிர்காலத்தில் அங்கிருந்த எதிரி நகரமான ஸ்பார்ட்டாவின் காவல்படையைத் தீப்ஸ்காரர்கள் விரட்டினார்கள். அடுத்து கோர்கிடாஸ் என்ற தளபதி 300 பேரைத் தேர்ந்தெடுத்தார். சாப்பாடு, பயிற்சி எல்லாம் நகரத்தின் செலவு, தங்குவதும் காத்மியாவில்.

ஏன் ஜோடி? காதலன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனும் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடமாட்டான், அவ்வளவுதான் கணக்கு. கிரேக்கக் கவச வீரனின் இடக்கையிலுள்ள கேடயம் அவனுக்குப் பாதி, இடப்பக்கத்தில் நிற்பவனுக்குப் பாதி. ஒருவன் நழுவினால் பக்கத்திலிருப்பவன் உடல் திறந்துவிடும். பக்கத்திலிருப்பவன் யார் என்பது உயிர்ப் பிரச்சினை. ஹோமரின் காவியத்தில் வரும் நெஸ்டர் என்ற மூத்த மன்னன் குலம் குலமாகப் படையை அடுக்கச் சொன்னது தப்பு, காதலர்களைப் பக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று பம்மெனெஸ் என்ற தீப்ஸ் தளபதி கிண்டலடித்ததாக கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ஹெராக்லிஸின் காதலனாகக் கருதப்பட்ட அயோலாஸின் சமாதியில் ஜோடிகள் உறுதிமொழி எடுத்ததையும் அவர்தான், அரிஸ்டாட்டிலை மேற்கோள் காட்டிச் சொல்கிறார். அந்தச் சமாதியைத் தேடி வெயிலில் அலையாதீர்கள், பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த நேரத்தை தீப்ஸ் அருங்காட்சியகத்தில் செலவழியுங்கள்.

கோர்கிடாஸ் இவர்களை முன்வரிசை நெடுகப் பிரித்து நிறுத்தினார். அது சொதப்பல், சுற்றி நிற்கும் சாதாரண வீரர்களோடு இவர்களின் பலம் கரைந்துபோனது. கி.மு. 375-இல் தெகிரா என்ற இடத்தில், தங்களைவிடப் பெரிய ஸ்பார்ட்டா படையை இவர்கள் தனியாக உடைத்த பிறகு, தளபதி பெலோபிடாஸ் இவர்களைப் பிரிக்கவே இல்லை. கி.மு. 371-இல் லெய்க்ட்ரா போரில் தீப்ஸ் தளபதி எபாமினோண்டாஸ் படையின் இடப்பக்கத்தை 50 வரிசை ஆழத்துக்கு அடுக்கினார். எதிரே ஸ்பார்ட்டா 12 வரிசை. களத்திலிருந்த 700 ஸ்பார்ட்டா குடிமக்களில் 400 பேர் செத்தார்கள், மன்னன் கிளியோம்பிரோட்டஸும் போனான். கல் கேடயங்கள் பொதித்த வட்ட வெற்றிச் சின்னம் வயல் நடுவே இன்றும் நிற்கிறது. வாடகைக் கார் இருந்தால் போகலாம். இல்லையென்றால் பட்ஜெட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காதல் ஜோடிகளின் படை என்ற விவரத்துக்கு நமக்கு முக்கிய சாட்சி புளூட்டார்க். அவர் எழுதியது நானூறு வருடத்துக்கும் மேல் கழித்து, அதுவும் ‘சிலர் சொல்கிறார்கள்’ என்ற தொனியில். லெய்க்ட்ராவை எழுதிய சமகாலத்து செனபோன் தன் வரலாற்றில் இப்படையின் பெயரையே எடுப்பதில்லை. அதனால் சில ஆய்வாளர்கள் காதலர் கதையையே சந்தேகிக்கிறார்கள். ஆனால் அதே செனபோன் வேறொரு நூலில், தீப்ஸ்காரர்களும் எலிஸ்காரர்களும் காதலர்களைப் போரில் பக்கத்தில் நிறுத்துவதாக முகம் சுளிக்கிறார். பிடிக்காதவன் சொல்லும் சாட்சிக்கு எடை அதிகம். வயதில் மூத்தவன், இளையவன் என்ற ஏற்பாடு அங்கே பொதுவழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்றைய சம வயதுத் தன்பால் தம்பதியை அப்படியே அங்கே பொருத்தினால் இடிக்கும்.

இப்போது டாக்ஸி. லிவாடியாவிலிருந்து உள்ளூர்ப் பேருந்தை நம்பாதீர்கள். மீட்டரில் கட்டண எண் 1 என்றால் ஊருக்குள், 2 என்றால் ஊருக்கு வெளியே. இரண்டாவதில் கட்டணம் அதிகம். ஊர் எல்லை தாண்டுமுன்னே 2-ஐ அழுத்துவதுதான் வழக்கமான தில்லாலங்கடி. ஏறியவுடன் மீட்டரைப் பாருங்கள். போக, வர, ஒரு மணி நேரம் காத்திருக்க என்று மொத்தமாகப் பேசி, தொகையைப் போனில் தட்டிக் காட்டுங்கள். திரும்பும் வண்டியைப் பேசாமல் இறங்கினால் கெரோனியாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

சைப்ரஸ் மரங்களுக்கு முன்னால் சிங்கம். சாலையிலிருந்தே தெரியும், டிக்கெட் கிடையாது! கி.மு. 338-இல் மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பும் அவன் மகன் 18 வயது அலெக்சாந்தரும் தீப்ஸையும் ஏதென்ஸையும் முறியடித்த களம் இதுதான். 1818-இல் ஆங்கிலப் பயணிகள் கண்டபோது சிங்கம் துண்டு துண்டாகக் கிடந்தது. 1902-இல் தொடங்கி சிற்பி லாசரோஸ் சோகோஸ் அதை ஒட்டவைத்தார். பக்கத்தில் போய் ஒட்டுகளைப் பாருங்கள், பழைய கல்லும் புதுக் கல்லும் நிறத்திலேயே பிரியும். அதைச் சுற்றிய அடைப்புக்குள் 1879–80-இல் தொல்லியலாளர் ஸ்டமடாக்கிஸ் தோண்டியபோது 254 எலும்புக்கூடுகள், ஏழு வரிசையாக. முந்நூற்றில் 254! மாசிடோனிய நீள ஈட்டிகளுக்கு எதிரே மார்பைக் காட்டி விழுந்தவர்கள் என்கிறார் புளூட்டார்க். அவருக்கு இது சொந்த ஊர். இந்தப் பிணங்களைப் பார்த்து பிலிப்பே அழுது, ‘இவர்கள் இழிவாக எதுவும் செய்தார்கள் என்று நினைப்பவன் நாசமாகப் போகட்டும்’ என்றானாம்.

பக்கத்திலேயே சின்ன அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் பூட்டு, மற்ற நாளிலும் மதியத்துக்கு மேல் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள், கிளம்புமுன் விசாரியுங்கள். பாறையில் வெட்டிய பழைய அரங்கத்துக்கு நடக்கலாம். ஆகஸ்டில் நிழல் இல்லை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

சாப்பாட்டுக்கு லிவாடியாவுக்கே திரும்புங்கள். இங்கே சூவ்லாகியை, அதாவது குச்சியில் சுட்ட இறைச்சியை, குச்சிக் கணக்கில் விற்கிறார்கள். பன்றி இறைச்சி, கரி நெருப்பு, உப்பு, மேலே எலுமிச்சை, பக்கத்தில் ரொட்டித் துண்டு. ஆளுக்கு நாலைந்து குச்சி சொல்லுங்கள், பற்றாவிட்டால் மறுபடி வாங்கலாம். கிரியா ஊற்றங்கரை மேசைகளில் விலை கூடுதல். பொட்டலம் கட்டி வாங்கி ஓடைக்கரையில் உட்காருவதே லாபம். ஏதென்ஸுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டு வைத்திருங்கள். ஞாயிறு அட்டவணை வேறு.