சுவாய்க்குப் போன சார்ஜன்ட்

"யாரையாவது சுட்டாரா?" என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் ராணுவத்திலிருந்து ஐநா அமைதிப் பணிக்காகத் திமோருக்குப் போய் வந்தவர் என்று தெரிந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டுகிற அண்ணன் கத்தியை ஓங்கியபடியே கேட்டார். இல்லை என்றேன். அவருக்குச் சப்பென்று போய்விட்டது.

அவர் போனது 2001-இன் பிற்பாதியில். கிழக்குத் திமோரின் தென்மேற்கு மூலையில் சுவாய் என்ற ஊர். பக்கத்திலேயே இந்தோனேசிய எல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1999 ஆகஸ்ட் 30-ல், அந்த மக்களிடம் இந்தோனேசியாவோடு இருக்கிறீர்களா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். 78.5 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பழிவாங்க ஆயுதக் கும்பல்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. சுவாயில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களையே கொன்றார்கள், மூன்று பாதிரியார்களையும் சேர்த்து. செப்டம்பரில் ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை இறங்கியபோது சிங்கப்பூர் மருத்துவக் குழுவையும் சரக்கு ஏற்றும் கப்பல்களையும் அனுப்பியது. துப்பாக்கியோடு ரோந்து போகிற பிளாட்டூன் ஒன்றை நம் நாடு முதன்முதலாக ஐநா பணிக்கு அனுப்பியது 2001-ல்தான். நியூசிலாந்துப் படையோடு சேர்த்துவிட்டார்கள்.

போகப் போகிறேன் என்று அவர் சொன்ன இரவு, எங்கள் ஈசூன் வீட்டில் அத்தை சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "இங்க பையனுங்க எல்லாம் ரெண்டு, ரெண்டரை வருஷம் தேசிய சேவை செய்யுதுங்களே, அது பத்தாதா? அடுத்தவன் வீட்டுச் சண்டையில நமக்கென்னப்பா வேலை?"

சட்டம் ஒழுங்கு உள்ள உலகம்தான் சின்ன நாட்டுக்குப் பாதுகாப்பு, அதனால் நாமும் பங்களிக்க வேண்டும் என்பது அரசாங்கம் சொல்கிற பதில். சரியான பதில்தான். ஆனால் மகனை அனுப்பப் போகிற அம்மாவின் காதில் அது ஏறாது. வீட்டுக்காரர் வேறு வழியில் போனார். "அம்மா, மாமா மகன் குவைத்திலேருந்து எப்படி ஓடி வந்தான், ஞாபகம் இருக்கா?" 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்தை ஒரே நாளில் விழுங்கியபோது, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போயிருந்த அத்தையின் அண்ணன் மகன் உடுத்திய துணியோடு ஜோர்தான் வந்து, அங்கிருந்து ஏர் இந்தியாவில் ஊர் சேர்ந்தவன். "அந்த எல்லையில 1991-லேருந்து நம்ம ஆளுங்களும் ஐநா தொப்பி போட்டு நிக்கிறாங்கம்மா." அத்தை அதற்குமேல் பேசவில்லை. மறுநாள் பருப்புப்பொடி இடித்துக் கொடுத்தார்.

அங்கே என்னதான் செய்தார்கள்? முக்கால்வாசி நேரம் நடந்தார்கள். மழை தொடங்கிவிட்டால் சாலை இருந்த இடத்தில் ஆறு ஓடுமாம். வண்டி போகாத கிராமத்துக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு நடை. யார் புதிதாக வந்திருக்கிறார்கள், மேற்குத் திமோர் அகதி முகாமிலிருந்து திரும்பிய குடும்பத்தை ஊர் சேர்த்துக்கொண்டதா, கிணறு சரியாக இருக்கிறதா என்று விசாரிப்பது. எப்போது சுடலாம், எப்போது கூடாது என்று அச்சடித்த அட்டை சட்டைப் பையில். அவர் மொழியில் சொன்னால், "பொறுமையா நிக்கிறதுக்குத்தான் டிரெய்னிங் வேணும்."

நம்மவர்களுக்குக் கைகொடுத்தது பாசார் மலாய், அதாவது சந்தையில் பேசுகிற எளிய மலாய். இந்தோனேசிய மொழிக்கு அது நெருக்கம். இருபத்து நான்கு ஆண்டு இந்தோனேசிய ஆட்சியில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது புரியும். ஆனால் அவர்களை அடித்தவர்களும் அதே மொழியில்தான் திட்டியிருப்பார்கள். எடுத்ததும் மலாயில் ஆரம்பித்தால் சில வீடுகளில் முகம் இறுகிவிடுமாம். அதனால் முதலில் தேத்தும் மொழியில் "பொந்தியா" என்று வணக்கம் சொல்லி, குழந்தை குட்டி விசாரித்து, அதற்குப் பிறகுதான் மலாய்க்கு வருவார்களாம். இதை எந்த முகாமிலும் சொல்லிக்கொடுத்ததாக அவர் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தில் ஃபிஜிக்காரர்கள் இருந்தார்கள். பத்து லட்சம் பேர்கூட இல்லாத நாடு. 1978-லிருந்து லெபனானில், 1982-லிருந்து சினாயில் என்று நின்றவர்கள். நம்மவர்களுக்கு அது முதல் அனுபவம். அவர்களில் சிலருக்கு அப்பா காலத்திலிருந்தே இதுதான் தொழில். அந்தச் சம்பளத்தில் ஊரில் வீடு கட்டுவார்கள், தம்பி தங்கையைப் படிக்கவைப்பார்கள். சாயங்காலம் கூப்பிட்டு உட்காரவைத்து யங்கோனா என்கிற வேர்ச் சாறு கொடுப்பார்களாம். குடித்தால் நாக்கு மரத்துப்போகும். "பல் பிடுங்கற ஊசி மாதிரி" என்று ஃபோன் கார்டு தீரும் வரை சிரித்தார்.

சிரிப்புக் கதைகளை மட்டும்தான் சொல்வார். 2000 ஜூலையில் சுவாய்ப் பகுதியிலேயே ரோந்து போன நியூசிலாந்து வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், ஆகஸ்டில் நேபாள வீரர் ஒருவர் இறந்ததும், அவர் கிளம்பிய பிறகு இன்னொரு சார்ஜன்ட்டின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த இரவு தூக்கம் போனது. அத்தையிடம் சொல்லவில்லை. செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கட்டடங்கள் விழுந்ததைப் பார்த்து அத்தை, உலகத்திலுள்ள சிப்பாய்களை எல்லாம் இனி அங்கே கூட்டிப்போய்விடுவார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

அவர் ஆசையோடு சொன்ன ஒரு சங்கதி, 2001 ஆகஸ்ட் 30-ல் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தல். விடியுமுன்னே கிழவிகள் நல்ல துணி உடுத்திக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார்களாம். நாடு முழுக்கத் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் வாக்களித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நம் பொதுத்தேர்தல். 84 இடங்களில் 55-க்குப் போட்டியே இல்லை, எங்கள் அக்காள் வீட்டுத் தொகுதியும் அதில் ஒன்று. "நீங்க அங்க போய் ஓட்டுக்குக் காவல் நிக்கிறீங்க, இங்க எங்கக்கா ஓட்டே போடல" என்று ஃபோனில் சொன்னேன். பதில் பேசாமல் பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது என்றார்.

2002-ல் அங்கிருந்த ஐநா படைக்கே நம் மேஜர் ஜெனரல் டான் ஹக் கிம் தலைவரானார். பெருமைதான். ஆனாலும், நம்மைப்போன்ற நாட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்திய வேலை எது என்று கேட்டால், நான் ஆப்கானிஸ்தானின் பாமியானைச் சொல்வேன். 2007-ல் அங்கே நம் ராணுவப் பல் மருத்துவர்கள் மருத்துவமனையில் சிகிச்சை கொடுத்தார்கள், உள்ளூர்க்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். பல்வலி வந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். வீட்டுக்காரருக்கு இதில் உடன்பாடில்லை. "காவலுக்கு ஆள் நின்னாத்தான் டாக்டர் கதவைத் திறக்க முடியும்" என்பார். இந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடிந்தபாடில்லை.

2025 அக்டோபரில் திமோர் லெஸ்தே, அதாவது அந்தக் கிழக்குத் திமோர், தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பில் 11-வது நாடாகச் சேர்ந்தது. செய்தி வந்தபோது பெரியவன் முகாமிலிருந்து வார விடுமுறையில் வந்திருந்தான். தேசிய சேவைக்காரர்களைச் சும்மா அனுப்பிவிட மாட்டார்கள், பெரும்பாலும் நிரந்தரப் படையினரும் முன்வருகிறவர்களும்தான் போவார்கள் என்பது அவனுக்கும் தெரியும். "நான் ஆர்மியிலயே நிரந்தரமா சைன் ஆன் பண்ணி இந்த மாதிரி மிஷன் போனா விடுவீங்களாப்பா?" என்றான்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "முதல்ல ஐபிபிடி ஃபிட்னெஸ் டெஸ்ட்ல 2.4 கிலோமீட்டரை ஒழுங்கா ஓடி முடி, அப்புறம் பேசலாம்" என்றார்.