ரோட்டைக் கடக்க ஸ்கைவாக் (நடை மேம்பாலம்) இருக்கே என்பவர்களுக்கு

பெங்களூரு பழைய மெட்ராஸ் ரோட்டில், அல்சூர் பக்கம், நடுத் தடுப்பில் ஓர் இடைவெளி. ஏறி இறங்க வசதியாக யாரோ ஒரு ஹாலோ பிளாக்கைப் படி மாதிரி போட்டு வைத்திருக்கிறார்கள். மிதித்து மிதித்து அதன் முனை மழுங்கிவிட்டது.

இன்று காலை டீ விற்கிற அண்ணன் ஒருவர் அதன் வழியாக சைக்கிளைக் கடத்திக்கொண்டிருந்தார். முன்சக்கரத்தை ஏற்றி, கேரியரில் கட்டிய ஃபிளாஸ்க்கை ஒரு கையால் அணைத்தபடி பின்சக்கரத்தைத் தூக்குகிறார். பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

"ஸ்கைவாக்ல போகலாமேண்ணா?"

"இதைத் தூக்கிக்கிட்டு அத்தனை படி நீ ஏறுவியா தம்பி?"

சரிதானே. இந்த ஊர் ஸ்கைவாக்குகள் பல விளம்பர வருமானத்தை நம்பிக் கட்டியவை. பலகை தெரிகிற இடம் முக்கியம், ஆள் கடக்கிற இடம் அப்புறம்தான்.

அதற்குப் பதில் ஜீப்ரா கிராசிங்கை நடைபாதை உயரத்துக்கு மேடாக்கலாம். அப்போது ஏறி இறங்க வேண்டியது வண்டிகள்தான், வேகமும் தானாகக் குறையும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகிற விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நடுவில் ஒரு திட்டு வேண்டும். ஒரு சைக்கிள் குறுக்கே நிற்க 2 மீட்டர் அகலமாவது தேவை. அதில் நின்று, ஒரு பக்க வண்டிகளை மட்டும் பார்த்துப் பாதி பாதியாகக் கடக்கலாம்.

"இதெல்லாம் செஞ்சா டிராஃபிக் ஜாம் ஆகும்" என்று இப்போதே யாரோ டைப் பண்ணிக்கொண்டிருப்பீர்கள். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் எந்த ஜீப்ராவால் ஜாம் ஆகிறதாம்?