விடை சொல்லாதே, தப்பு எந்த வரியில் என்று சொல்

வேலூர் சத்துவாச்சாரியில் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறேன், கணக்கும் சமூக அறிவியலும். கொஞ்ச காலமாகப் பிள்ளைகளின் வீட்டுப்பாட நோட்டு திடீரென்று அழகாகிவிட்டது. அடித்தல் திருத்தல் கிடையாது, ஒவ்வொரு படியும் வரிசையாக, கடைசியில் 'எனவே' போட்டு விடைக்கு அடியில் இரண்டு கோடு. பத்தாவது படிக்கும் பையன் தானாக 'எனவே' போட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் ஒளிக்கவும் மாட்டேன் என்கிறார்கள், "போட்டோ புடிச்சு ஏஐல போட்டேன் சார்", அவ்வளவுதான்.

ஒரு கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுத் தேர்வு வைத்தேன். வீட்டில் செய்யச் சொன்னது இது: 360 கி.மீ. போகிற ரயில், மணிக்கு 5 கி.மீ. வேகம் கூட்டினால் 1 மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேரும், அதன் வேகம் என்ன? இருபடிச் சமன்பாடு வரும், 40 என்றும் கழித்தல் 45 என்றும் இரண்டு மூலம் கிடைக்கும், கழித்தலைத் தள்ளிவிட்டால் 40. தேர்வில், வேகம் 5 குறைந்தால் 1 மணி நேரம் தாமதம் என்று மாற்றினேன். விடை 45. மனக்கணக்கிலேயே சரிபார்த்துவிடலாம், 45-ல் 8 மணி நேரம், 40-ல் 9 மணி நேரம். அழகு நோட்டுக்காரர்கள் நிறைய பேர் பழைய 40-ஐயே எழுதி, 'எனவே'யும் போட்டிருந்தார்கள். சரியாகப் போட்டவர்களில் ஒரு பெண், நோட்டு முழுக்கக் கிறுக்கல், "கழித்தல் 45 வந்தா ரயில் பின்னாடி போகுதா சார்?" என்று வீட்டுப்பாடத்தின்போதே கேட்டு என்னைச் சிரிக்க வைத்தவள். அந்தக் கேள்வி வரும் அளவுக்குக் கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறாள் அல்லவா, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இது நம்மூர்ச் சங்கதி மட்டும் இல்லை. துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரை வைத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் கணக்குப் பாடத்தில் ஓர் ஆய்வு செய்து 2024-ல் வெளியிட்டார்கள். ஏஐ கையில் இருந்தபோது பயிற்சிக் கணக்குகளில் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தால், ஏஐ பக்கமே போகாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவு. இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி ஆசிரியர்கள் அமைத்த ஏஐ. அந்தக் குழுவுக்குப் பயிற்சியில் 127 சதவீதம் ஏற்றம், தேர்வில் அந்தச் சரிவும் பெரும்பாலும் இல்லை.

இதைப் படித்துவிட்டுப் போனைப் பிடுங்கு என்று கிளம்பும் ஆள் நான் இல்லை. என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலருக்கு அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார், அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து வரவே இரவு ஒன்பது ஆகிவிடும். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் அவர் சட்டைப் பையில். அந்த நேரத்தில் ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளே இல்லாத வீடுகள் இவை. அப்பா இன்ஜினியராக இருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் எப்போதும் இலவசமாகக் கிடைத்ததுதான், அதை யாரும் காப்பி என்று சொன்னதில்லை.

சமூக அறிவியலில் வேறு வேலை கொடுக்கிறேன். வேலூர்ப் புரட்சி பற்றி ஏஐ எழுதியதை அச்செடுத்துக் கொடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி மதிப்பெண் போடச் சொன்னேன். 1806 ஜூலை 10 சரி, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை சரி, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தது சரி. நடுவில் அலுங்காமல் ஒரு வரி, திப்பு சுல்தான் தலைமையில் சிப்பாய்கள் எழுந்தார்கள் என்று. மனுஷன் 1799-லேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்துவிட்டார், கோட்டையில் இருந்தது அவர் பிள்ளைகள். அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துப் பார்த்துக் கோக்கிற இயந்திரம் அது, வேலூர்க் கோட்டை என்றாலே பக்கத்தில் திப்பு பெயர் வருவதால் அவரையே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வாரா வாரம் கோட்டையைச் சுற்றி ஐஸ்க்ரீம் தின்கிற பசங்க, அன்றைக்குத்தான் பாடப்புத்தகத்தை வரி வரியாகப் படித்தார்கள்.

இப்போது கணக்குக்கு என் விதி ஒன்றுதான். முதலில் சமன்பாட்டைக் கையால் எழுது, தப்பானாலும் பரவாயில்லை. அப்புறம் போட்டோ எடு, கூடவே "விடை சொல்லாதே, எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல்" என்று தமிழிலேயே தட்டு. நோட்டில் அந்தத் தப்பு வரி அடிக்காமல் அப்படியே இருக்க வேண்டும், அதற்குத்தான் டிக். பாதிப் பேர் சொன்னபடி செய்கிறார்கள், மீதிப் பேர் தப்பையும் ஏஐயிடமே கேட்டு எழுதி வருகிறார்கள் (திறமைசாலிகள்!).

அறிவியலுக்கு இது எப்படிச் சரிவரும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆம்பூர், குடியாத்தம் பக்கம் டியூஷன் எடுப்பவர்கள் யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள், முக்கியமாகப் படம் வரைகிற கேள்விகளுக்கு.