முன்னாள் மேலாளரின் இரண்டு வாக்கியங்கள்

"கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றக்கூடியவர், விரைவில் கற்றுக்கொள்பவர்" என்று விண்ணப்பதாரர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொள்ளும் வரிகளைத் தாண்டிச் செல்ல, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்த முதல் ஆண்டிலேயே என் கண்கள் பழகிவிட்டன. அவை பொய்யாக இருக்கும் என்ற ஐயத்தால் அன்று. எல்லா ரெஸ்யூமேக்களிலும் அவையே இருந்தன. ஆனால் ஒரு விண்ணப்பத்தில், முந்தைய பணியின் விவரத்துக்கு நேர்கீழே, அப்போதைய மேலாளர் எழுதிக் கொடுத்த இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஊதியக் கணக்கு புதிய மென்பொருளுக்கு மாற்றப்பட்ட மாதத்தில் ஒருவருக்கும் சம்பளம் தாமதமாகாமல் இவர் பார்த்துக்கொண்டார் என்றது ஒன்று. பழைய கணக்கில் யாரும் கவனிக்காதிருந்த பிழையை, அது தம்முடையதே என்று சொல்லி இவரே முன்வந்து தெரிவித்தார் என்றது மற்றொன்று. நேர்காணலில் நான் கேட்ட முதல் கேள்வி அந்தப் பிழையைப் பற்றியதுதான்.

அனுபவச் சான்றிதழை இத்தகைய நற்சான்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேலைபார்த்த காலத்தையும் பதவியையும் உறுதிசெய்யும் ஆவணம், அவ்வளவே. நற்சான்று என்பது நம் வேலையை அருகிலிருந்து பார்த்த ஒருவரின் சாட்சி. சாட்சி சொல்பவர் எதைப் பார்த்தார் என்பது தெரியாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. வெறும் புகழ்ச்சி எவ்வளவு எளிதில் தேய்ந்துபோகும் என்பதற்கு ஜெர்மனி நல்ல சான்று. அங்கே பணியிலிருந்து விலகுபவர் எழுத்துவடிவப் பணிச்சான்றைச் சட்டப்படியே கேட்டுப் பெறலாம். அது உண்மையாகவும் இருக்க வேண்டும், அவருடைய முன்னேற்றத்துக்குத் தடையாகவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட நிறுவனங்கள் ஒரு சங்கேத மொழியையே உருவாக்கிவிட்டன. "எப்போதும் முழுமையிலும் முழுமையான திருப்தி அளித்தார்" என்றால் மிகச் சிறந்தவர். வெறுமனே "திருப்தி அளித்தார்" என்றால் ஏதோ ஒப்பேற்றியவர். "முயற்சி செய்தார்" என்றால் முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள்.

ஆகவே நற்சான்று கேட்கும்போது "என்னைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று கேட்பது இருவருக்குமே வீண் வேலை. கேட்கப்பட்டவர் நல்லவராக இருந்தாலும் வேலைப்பளுவில் இருப்பார். நினைவுக்கு வரும் முதல் பெயரடைகளை அடுக்கி அனுப்பிவிடுவார். நான் விலகிய சில வாரங்களுக்குள், சேர்ந்து செய்த ஒரு பணியைக் குறிப்பிட்டு, அதில் என் பங்கு என்னவாகத் தெரிந்தது, நான் இல்லாதிருந்தால் எது வேறாக நடந்திருக்கும் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அனுப்புவேன். நாமே எழுதிக் கொடுத்து அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கும் வழக்கமும் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. விண்ணப்பதாரரின் நடையும் சான்றின் நடையும் ஒன்றாக இருப்பது வாசிப்பவருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

வந்த கடிதம் முழுவதையும் ரெஸ்யூமேயில் ஏற்ற வேண்டியதில்லை. பொருள் திரியாமல் ஓரிரு வாக்கியங்களை எடுத்து, அவை எந்தப் பணியைப் பற்றியனவோ அதன் கீழேயே வைத்து, எழுதியவரின் பெயரையும் பதவியையும் நமக்கும் அவருக்கும் இருந்த பணித்தொடர்பையும் சேர்த்தால் போதும். அலங்காரப் பெட்டிக்குள் இடுவதைத் தவிர்ப்பது நல்லது, விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள்களில் சில அவற்றைச் சரியாக வாசிப்பதில்லை. லிங்க்ட்இன் தளத்தில் பரிந்துரை எழுதச் சொல்வதும் பயனுள்ளது: அது எழுதியவரின் பெயரிலேயே இருக்கும், அதன் சொற்களை நாம் மாற்ற முடியாது, வேண்டுமானால் திருத்தித் தருமாறு அவரைக் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பு அனுமதி வேண்டும். அதுவும் ஒவ்வொரு முறையும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியது அன்று. பல ஆண்டுகளுக்கு முன்பு பெற்ற ஒரு சான்றை, எழுதியவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் புதிய விண்ணப்பத்தில் சேர்த்து அனுப்பினேன். அந்த நிறுவனத்தார் அவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, நல்ல மனிதரான அவர் சற்று யோசித்துவிட்டு, "எந்தப் பிரிவில் இருந்தார் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டாராம்.