உபதேசியாரைத் தேடிச் செண்பகனூருக்கு

எங்கள் கொள்ளுத்தாத்தா சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் சொல்லிக்கொடுத்து, நல்லது கெட்டதுக்கு முன்னால் நின்றவர். பெயர் ராயப்பன். வீட்டில் அவர் நினைவாக மிச்சமிருப்பது ஒரு செபமாலை, அதிலும் பாதி மணி இல்லை.

செண்பகனூரில் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் (ஜெசுயிட்) மதுரை மாநிலப் பிரிவுக்கு ஆவணக் காப்பகம் இருப்பது தெரிந்ததும், அவர் பெயரை எழுதி “ஏதாவது கிடைக்குமா?” என்று கடிதம் போட்டேன். பதிலாகக் கேள்விகள்தான் வந்தன. எந்தப் பங்கு, அதாவது எந்தக் கோவில் வட்டாரம், எந்த ஆண்டு, அப்போது அங்கே சாமியார் யார்?

ஒன்றுக்கும் என்னிடம் விடையில்லை. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் பங்குக் கோவில் பதிவேட்டில் இருப்பவை. சபைக் காப்பகத்தில் இருப்பது சபையின் காகிதம்: சாமியார்கள் எழுதிய கடிதங்கள், அவர்கள் தங்கிய இல்லங்களின் நாட்குறிப்புகள், படங்கள். நம் ஆள் வேண்டுமென்றால் அவருடைய சாமியாரைப் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு மாதம் வீணாக்கினேன்.

சரி என்று பங்குக் கோவிலுக்குப் போனேன். பழைய கல்யாணப் பதிவேட்டை ஒரு காலைப்பொழுது முழுக்கப் புரட்டியும் ராயப்பன் கண்ணில் படவில்லை. “லத்தீன்ல ராயப்பன் ஏது தம்பி? பேத்ருஸ்னு பாருங்க” என்றார் கோவில்பிள்ளை. சூசை என்றால் யோசேப்புஸ், இன்னாசி என்றால் இக்னாசியுஸ். அப்புறம் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார்! 1909 முதல் 1917 வரை ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதிக்குச் சாட்சி அவர்தான். கீழே சாமியாரின் கையெழுத்து, பிரெஞ்சுப் பெயர்.

அந்தப் பெயரோடும் பங்குத்தந்தையின் கடிதத்தோடும், முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு கிளம்பினேன். வத்தலக்குண்டில் பஸ் ஏறினால் கொடைக்கானலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே செண்பகனூர். 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி அங்கேதான்.

1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டு, 1814-இல் மீண்டும் உயிர்பெற்றது. பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1837-இல். அதனால் அந்தக் காலத்துக் காகிதங்களில் பிரெஞ்சும் லத்தீனும்தான் அதிகம். எனக்கு இரண்டும் தெரியாது. கைகொடுத்தது ‘கத்தலோகுஸ்’ என்ற ஆண்டுப் பட்டியல். எந்தச் சாமியார் எந்த ஊரில், என்ன பொறுப்பில் என்று லத்தீன் சுருக்கங்களில் போட்டிருக்கும்; கடைசியில் அகரவரிசைப் பெயர்கள். வருடம் வருடமாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு சாமியாரின் வாழ்நாள் இடமாற்றமெல்லாம் கைக்கு வந்துவிடும். கதை எழுதுகிறவர்கள் இதைப் படிக்கலாம்.

எங்கள் சாமியாரின் பெயரைச் சொன்னதும் ஓர் உறை வந்தது. பேனாவை உள்ளே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். சாம்பல்நிற அட்டையில் ஒட்டிய படம், ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. நடுவில் நாற்காலியில் தாடிவைத்த சாமியார். சுற்றி நின்றபடி ஏழு பேர், வேட்டியும் தோளில் துண்டுமாக, ஒருவர் காலிலும் செருப்பில்லை. பின்பக்கம் பென்சிலால் சாமியாரின் பெயர், 1913, அப்புறம் பிரெஞ்சில் ஒரு வரி. அங்கிருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். “தம் உபதேசியார்களுடன்.”

அவ்வளவுதான். ஏழு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. அந்த நாற்காலியைத் தூக்கிவந்து போட்டதே அவர்களில் ஒருவராகத்தான் இருக்கும். எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

செல்போனில் எடுக்காமல், படத்தின் பிரதி கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரத்தில் மின்னஞ்சலில் வந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அவரைச் சிறுவயதில் பார்த்திருக்கும் பெரிய அத்தையிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இடமிருந்து மூன்றாவது ஆளைத் தொட்டு, “இதுதான் தாத்தா” என்று அழுதார். மறுநாள் காலையில் போன் செய்து, ஓரத்தில் நிற்பவர் என்றார்.