வால்வு ஆம்ப்ளிஃபயருக்குப் புதிய வயரிங்: உறுமல் போன வழி

நானே கட்டிய ஆம்ப்ளிஃபயர் இது. இன்புட்டுக்கு ஒரு 12ஏஎக்ஸ்7, அவுட்புட்டுக்கு இரண்டு ஈஎல்84 என மூன்று வால்வுகள். பாட்டு ஓடும்போது குறையே தெரியாது. நின்றதும் ஸ்பீக்கர் உறுமும். வால்வுகளை மாற்றினேன், மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டரை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் உள்வயர்கள் அனைத்தையும் அகற்றிவிட்டுப் புதிதாக இழுக்கத் துணிந்தேன்.

திறந்ததும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் ஆகியும் கெபாசிட்டரில் 40 வோல்ட் மிச்சமிருந்தது. வால்வு கழன்றிருந்தால் 300 வோல்ட்டும் ஏறக்குறைய அப்படியே தேங்கியிருக்கும், உயிரை வாங்கிவிடும். அதனால் முதல் வேலையாக, மின்சாரம் தானாக வடிவதற்கு 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கெபாசிட்டரின் குறுக்கே நிரந்தரமாகப் பற்றவைத்தேன்.

அடுத்து, வால்வுகளை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டரின் வயர். மூன்று வால்வுகளுக்கும் சேர்த்து 1.82 ஆம்பியர் ஓடுகிறது, அதுவும் ஏசி. பழைய வயர்கள் முறுக்கில்லாமல் சிக்னல் நுழையும் கிரிட் வயரை உரசிக்கொண்டு கிடந்தன. புது வயர் இரண்டின் ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையைக் கை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றினேன். பிடியை விடுவதற்கு முன் சற்றுத் தளர்த்த வேண்டும்; இல்லையென்றால் முறுக்கு பாதி பிரிந்துவிடும். முறுக்கிய வயரைச் சேஸிஸின் (உலோக அடிப்பெட்டியின்) மூலையோடு ஒட்டிக் கொண்டுபோனேன். ஹீட்டரின் இரு பக்கத்திலிருந்தும் கிரவுண்டுக்கு (மின்னோட்டம் திரும்பிச் சேரும் பொது இணைப்புக்கு) 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. டெஃப்லான் உறை சால்டரிங் சூட்டில் பின்வாங்குவதில்லை, பிவிசி பின்வாங்கிவிடும். வயரால் ஒலியே மாறும் என்பார்கள். என் காதுக்கு அப்படி எதுவும் படவில்லை. வயர் போகும் பாதைதான் முக்கியம்.

ஸ்பீக்கர் முனையில் 8 மில்லிவோல்ட்டாக இருந்த உறுமல் 3 ஆனது. ஆனால் மிச்சமிருந்த ஒலியின் குணம் வேறு: அடித்தொண்டை உறுமல் போய், கரகரவென்ற மெல்லிய இரைச்சல். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் உறுமலும் 50. ஏசியை டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபையரிலிருந்து வருவது 100, கூடவே அதன் மடங்குகள். ஆகவே சந்தேகம் கிரவுண்டின் மேல் விழுந்தது.

கட்டும்போது கைக்கு எட்டிய போல்ட்டிலெல்லாம் கிரவுண்டை முடிந்து வைத்திருந்தேன். இன்புட் சாக்கெட்டின் உலோகமும் சேஸிஸைத் தொட்டது. முதல் கெபாசிட்டர் மின்னேறும்போது இழுக்கும் துடிப்பு, இன்புட்டின் கிரவுண்ட் வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தது! சாக்கெட்டுக்குப் பிளாஸ்டிக் வாஷர் போட்டு விலக்கினேன். ரெக்டிஃபையரும் முதல் கெபாசிட்டரும் தனியாக இணைந்த பிறகு, அங்கிருந்து அவுட்புட் வால்வுகள், கடைசியில் இன்புட் என்று ஒரே வரிசையில் கிரவுண்டை இழுத்து, இன்புட் அருகே ஒரே இடத்தில் சேஸிஸோடு சேர்த்தேன். மெயின்ஸ் எர்த் தனக்கென்று உள்ள போல்ட்டிலேயே இருக்கிறது. அதில் கைவைக்கவே கூடாது.

இப்போது 0.6 மில்லிவோல்ட். ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் லேசான சீறல் கேட்கிறது. வால்யூம் கன்ட்ரோலோடு சேர்ந்த மெயின்ஸ் சுவிட்சைப் பின்பக்கம் மாற்றுவது மட்டும் பாக்கி.