பட்டியலில் விடுபட்ட மரபணுக்கள்

வாழப்பாடிப் பக்கத் தக்காளித் தோட்டங்களில் செடி பச்சையாக இருக்கும்போதே துவண்டால், தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடிப்போம். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூலாகக் கசிவு இறங்கினால் சந்தேகமில்லை, பாக்டீரியா வாடல். அதை உண்டாக்கும் கிருமியின் பெயர் ரால்ஸ்டோனியா சோலனசியாரம். தண்டைச் சேலத்துக்குக் கொண்டுவந்து கிருமியைப் பிரித்து வளர்த்துவிட்டால், அப்புறம் என் பொழுதெல்லாம் கணினியோடுதான்.

இதன் மரபணுத்தொகுதியைப் பிரெஞ்சு நாட்டினர் முன்னின்ற குழு 2002-லேயே வெளியிட்டுவிட்டது. சுமார் 58 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி), புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் ஏறக்குறைய 5,100. "இனிமேல் தேட என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. அந்த மரபணுப் பட்டியலுக்கு அடிப்படை மென்பொருளின் கணிப்பு. மிகக் குட்டையான மரபணுக்களை அது தற்செயல் என்று எளிதில் கழித்துவிடும். இந்தக் கிருமியில் ஜி, சி எழுத்துகள் 67 சதவீதம். புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறிகளான டிஏஏ, டிஏஜி, டிஜிஏ மூன்றிலும் டி, ஏ எழுத்துகளே மிகுதி என்பதால் அவை தற்செயலாக அமைவது குறைவு. விளைவு, நடுவில் நிறுத்தக் குறி இல்லாமல் மரபணு போலத் தோன்றும் வெற்று நீளங்கள் எங்கும் கிடக்கும். நிஜம் விடுபடும், போலி நுழையும்.

அதனால் புரதத்திடமே கேட்கிறோம். டிரிப்சின் நொதியால் புரதங்களைத் துண்டாக்கி, துண்டுகளின் எடையை நிறைமானியில் அளந்து, டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் மும்மூன்று தொடக்கத்திலிருந்து, ஆக ஆறு விதமாக வாசித்துக் கிடைத்த எல்லா வரிசைகளோடும் ஒப்பிடுகிறோம். வழக்கமான பட்டியலோடு மட்டும் ஒப்பிட்டால், அதில் இல்லாத புரதம் கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் அகப்படாது. ஆனால் ஒப்பிடும் கடல் பெரிதானால் பொய்ப் பொருத்தமும் பெருகும். ஒரு புரதத்துக்கு இரண்டு துண்டாவது கிடைக்க வேண்டும் என்பார்கள். ஐம்பதே அமினோ அமிலம் கோத்த குட்டிப் புரதம் இரண்டு துண்டுக்கு எங்கே போகும்? பாதி நாள் இந்தச் சண்டைதான். ஒற்றைத் துண்டு என்றால் நிறைமானி வரைந்து தரும் அதன் நிறமாலையை ஒவ்வொரு முகடாக நானே பார்ப்பேன். நெருங்கிய இனங்களிலும் அதே வரிசை மாறாமல் இருக்கிறதா என்று தேடுவேன். பெரும்பாலும் சந்தேகமானவற்றைப் பட்டியலில் ஏறவிடாமல் அடித்துவிடுவதுதான் என் வேலை.

தோட்டத்துப் பெரியவர், "மருந்து வந்துருச்சா கண்ணு?" என்பார். இல்லைங்க ஐயா, இப்போதைக்குச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டின நாற்றை நடுங்க, இல்லாவிட்டால் ஒரு போகம் சோளம் போடுங்க என்பேன். பட்டியலில் புதிதாக ஏறியவை நோய்க்குத் தேவையா என்பது வேறு கேள்வி. மரபணுவை நீக்கிய கிருமியை நாற்றின் வேரில் ஊற்றி, செடி வாடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை அவற்றுக்கு எதிரே 'செயல் தெரியாத புரதம்' என்றுதான் எழுதுகிறேன்.